திரும்பி நின்ற மலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு சலூன் நாற்காலியில் கிடைத்தது. திருத்தணியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. குழந்தைக்கு மொட்டை போட மலைமேல் வரிசை நகரவே இல்லை, எனக்கோ தாடி அரித்தது. கீழே கடைத்தெருவில் சேட்டு என்பவரின் சலூனில் போய் உட்கார்ந்தேன். முகம் முழுக்க நுரை, கழுத்தில் கத்தி, வாயைத் திறக்க முடியாத நிலை. அப்போது எதிரே கண்ணாடியில் ஒன்றைப் பார்த்தேன். என்ன பார்த்தேன் என்பதை அதற்குரிய இடத்தில்தான் சொல்வேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

சேட்டு சொன்னது பாதி, மீதியை நான் நிரப்பியிருக்கிறேன். எது அவருடையது, எது என்னுடையது என்று இப்போது எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"வைரங்களை வாரி இறைத்தது போன்ற வானத்தின் கீழே, பரந்தாமன் தன்னந்தனியனாக..."

அடித்துவிட்டேன். திருத்தணி வானத்தில் யாரும் எதையும் வாரி இறைப்பதில்லை. கிழக்கே சென்னைப் பக்கத்து வெளிச்சம், மேலே கோயில் விளக்கு, கீழே பஸ் ஸ்டாண்டு விளக்கு. இத்தனைக்கும் தப்பி வந்த நட்சத்திரங்கள்தான் நமக்கு. தவிர, பரந்தாமன் தன்னந்தனியன் இல்லை, வீடு நிறைய ஆட்கள்.

இரண்டாவது தொடக்கம்:

"பரந்தாமனுக்கு வயது நாற்பத்தொன்று."

இது பொய்யில்லை, எனவே இருக்கட்டும். ஒரு சர்க்கரை ஆலைக்காகத் திருவாலங்காட்டுப் பக்கம் பைக்கில் கரும்புக் கொல்லைகளைச் சுற்றி வந்து, எது வெட்டுக்குத் தயார் என்று சொல்வது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. [ஏன் ஆகவில்லை என்று ஒரு பக்கம் எழுதினேன். அதில் படுத்த படுக்கையாக ஒரு அப்பா, ஒரு பழைய காதலி, நிறைய மழை. படித்துப் பார்த்துக் கிழித்துவிட்டேன். சிலருக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.]

ஒரு நாள் பொழுது சாய்ந்து திரும்பிவரும்போது மலைக்கு நேர் மேலே கார்த்திகைக் கூட்டம் நிற்பதைப் பார்த்தான். ஆறு பொட்டு வெளிச்சம். முருகனை வளர்த்த ஆறு பேரும் மலைக்கு மேலேயே வந்து எட்டிப் பார்ப்பதுபோல் அவனுக்குத் தோன்றியது. போனில் படம் எடுத்தான். வெறும் கறுப்புதான் வந்தது. பெரிதாக அச்சடித்தால் நட்சத்திரம் தெரியலாம் என்று நம்பி, மறுநாள் அதை எடுத்துக்கொண்டு கயல்விழியின் பேனர் கடைக்குப் போனான்.

"இன்னா சார், இருட்டைப் பிரிண்ட் போடச் சொல்றீங்க" என்றாள் கயல்விழி.

அவன் வெட்கப்பட்டுக்கொண்டே எழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அவளுக்கும் ஆசை தொற்றிக்கொண்டது.

3

கயல்விழியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இரண்டு.

ஒன்று, அவளுடைய கைப்பழக்கம். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் பேனர் அவள்தான் அடிக்கிறாள். தாய்மாமன்கள் இருவர் படமும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தால் சண்டைபோல் இருக்குமென்று, ஒருவரைக் கம்ப்யூட்டரில் இடம்வலமாகத் திருப்பிவிடுவாள். ஒரே தட்டு. வலக்கையால் மீசை முறுக்குகிறவர் பேனரில் இடக்கையால் முறுக்குவார். இதுவரை எந்த மாமனும் புகார் சொன்னதில்லை.

இன்னொன்று, கல்யாணப் பேச்சு. அவளுக்கு ஒரு முறை கல்யாணமாகி, சீக்கிரமே முடிந்தும் போயிற்று. [அதைப் பற்றி யார் கேட்டாலும் "முடிஞ்சிட்ச்சி" என்பாள். நானும் அதற்கு மேல் எழுதப்போவதில்லை.] அதன்பிறகு யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், எடுத்தவரோடு அவள் பேசுவதே இல்லை. கடைக்கு மை கொண்டுவந்து போடுகிறவர் ஒருவர் நல்ல மனுஷர். தயங்கித் தயங்கி ஒரு நாள் கேட்டுவிட்டார். மறுநாளிலிருந்து மை வேறு ஆளிடமிருந்து வந்தது.

பரந்தாமனுக்கு இந்த மைக்காரர் கதை தெரியும். இதை மட்டும் மறந்துவிடாதீர்கள், மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

4

மலைக்குக் கிழக்கே, கடலை பிடுங்கிய ஒரு கொல்லை. அங்கேதான் இரண்டு பேரும் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றார்கள். கேமரா அவளுடையது, கடையில் பாஸ்போர்ட் படம் எடுக்க வைத்திருந்த பழசு. ஒரு மஞ்சள் நீராட்டில் யாரோ இடித்துக் கீழே விழுந்ததில் அதன் முதுகுத் திரை செத்துப்போயிருந்தது. எடுத்ததை அங்கேயே பார்க்க முடியாது. கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால்தான் தெரியும். [கதைக்கு ரொம்ப வசதியான பழுது என்றாள் என் மனைவி. வசதியான பழுதுகளும் உலகத்தில் உண்டு என்று சொல்லிவிட்டேன்.]

கூடவே கயல்விழியின் அம்மா கன்னியம்மாளும் வந்தாள். மகள் ஒரு ஆண்பிள்ளையோடு இருட்டில் தனியாக நின்றால் தெரு பேசும். எனவே வரப்பில் துண்டை விரித்து உட்கார்ந்து, போனில் சீரியல் பார்த்தாள். முதல் வாரம் எடுத்த படங்களில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை. ஓரத்தில் நீல வெளிச்சத்தில் கன்னியம்மாளின் முகம் மட்டும் துல்லியமாக விழுந்திருந்தது. சீரியல் பார்க்கும்போது அவள் இமைகூட ஆடுவதில்லை.

அவளை மரத்துக்குப் பின்னால் உட்காரவைத்த பிறகு வேறு தொல்லைகள் வந்தன. இருட்டில் கேமரா எதைக் கூர்மையாகப் பார்ப்பது என்று தெரியாமல் திணறியதில், நட்சத்திரங்கள் இட்லி அளவுக்கு வந்தன. கையால் திருகிச் சரிசெய்யப் பழகினார்கள். ஷட்டரை ரொம்ப நேரம் திறந்து வைத்தால் அதற்குள் வானம் நகர்ந்து, நட்சத்திரங்கள் அரிசியாக நீண்டன. அதையும் சரிசெய்தால், மலைமேல் கோயில் விளக்கு பொங்கிப் படத்தில் பாதியைத் தின்றது. கயல்விழி ஒரு கல்யாண ஆல்பத்தின் கறுப்பு அட்டையைப் பட்டையாக வெட்டி, ஷட்டர் திறந்திருக்கும்போது லென்சுக்கு முன்னால் ஆட்டி ஆட்டி அந்த விளக்கை மட்டும் மறைக்கக் கற்றாள். அந்த வேலையில் இறங்கிவிட்டால் அவள் வேறு எதையும் பார்ப்பதில்லை.

பிறகு டார்ச்சு. கறுப்புச் சட்டை போட்ட ஒருவர் கேமராவுக்கு எதிரே போய் நின்று, ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தில் டார்ச்சால் காற்றில் எழுதினால், ஆள் படத்தில் விழமாட்டார், எழுதியது விழும். இதற்கு ஒளி ஓவியம் என்று பெயர். ஆனால் எதிரே நின்று எழுதுவதால் எழுத்து திரும்பி விழும். பரந்தாமன் வெறும் வானத்தை வைத்து முதன்முதலில் எழுதிய "வணக்கம்" வேற்றுமொழிபோல் வந்தது. கயல்விழி ஒரு தட்டுத் தட்டித் திருப்பினாள், வணக்கம் வந்துவிட்டது. அன்றுமுதல் டார்ச்சுப் படம் என்றால் முதலில் திருப்பு, அப்புறம் பார் என்று அவள் கை பழகிக்கொண்டது.

[முதுகைக் காட்டி நின்று எழுதினால் நேராக விழுமே என்று ஒருவர் கேட்பார். உடம்பு டார்ச்சை மறைத்துவிடும் ஐயா. நான் மொட்டைமாடியில் செய்து பார்த்தேன்.]

இப்படியே பங்குனி வந்தது. வேலை முடிந்து அந்தக் கொல்லைக்குப் போவதற்காகவே பரந்தாமன் காலையில் எழுந்துகொண்டிருந்தான். ஒரு நாள் அவள் வரவில்லை என்றால் கார்த்திகைக் கூட்டம் அவனுக்கு வெறும் ஆறு புள்ளி.

5

இந்த இடத்தில் எனக்கு அவன்மேல் சந்தேகம் வந்தது. இவன் கேட்பானா? கரும்பு முற்றியதா இல்லையா என்பதையே மூன்று தடவை சுற்றிப் பார்த்துச் சொல்கிறவன். கேட்டு அவள் பேச்சை நிறுத்திவிட்டால் இந்தச் சாயங்காலங்களும் போய்விடும். கேட்காமலே இருந்தால் இருப்பதாவது இருக்கும். நானாக இருந்தால் கேட்டிருக்கமாட்டேன்.

அவன் கண்டுபிடித்த வழியைப் பார்த்த பிறகு எனக்கு அவன்மேல் மரியாதை வந்தது. வாயால் கேட்டால் அவள் வாயால் பதில் சொல்லியாக வேண்டும். காற்றில் எழுதினால் வேண்டியதில்லை. அதுவும் இவன் திருப்பி எழுதிவிட்டால், கம்ப்யூட்டரில் படம் திறந்ததும் எழுத்து நேராகத் தெரியும். அவள் ஒருத்தி படிப்பாள். பிடிக்கவில்லையா, வழக்கம்போல் ஒரு தட்டு. எழுத்து திரும்பிக் கோடாகிவிடும். பார்க்காததுபோல் இருந்துகொள்ளலாம், மறுநாளும் கொல்லைக்கு வரலாம். அவளுக்குத் தப்பிக்க ஒரு வாசலைத் திறந்துவைத்துவிட்டுத்தான் அவன் கேட்கப்போனான்.

என்ன சொல் எழுதுவது?

"கட்டிக்கிறியா": ஒருமையில் கேட்க அவனுக்கு உரிமையில்லை. அவள் அவனை சார் என்கிறாள், அவன் அவளை ஏங்க என்கிறான்.

"கட்டிக்கிறீங்களா": மரியாதை சரி. ஆனால் அதை எழுதி முடிப்பதற்குள் நட்சத்திரம் அரிசியாகிவிடும்.

"கட்டிக்கலாமா": நீயும் இல்லை, நீங்களும் இல்லை. நாம் என்று சொல்லாமலே நாம் இருக்கிறது. இதுதான் என்று முடிவு செய்தான்.

எண்ணெய்த் தாளில் எழுதிப் பின்பக்கமிருந்து பார்த்துப் பார்த்துப் பழகினான். புள்ளி வைப்பதற்கு டார்ச்சை அணைத்து, கையைத் தூக்கி, ஒரு சிமிட்டு. கரும்புக் கொல்லையில் தனியாக நின்று காற்றில் கையை வீசிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, ஒரு விவசாயி ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். திருவாலங்காட்டுக்காரர்கள் பேய் விஷயத்தில் அசட்டையாக இருப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, இருட்டு கட்டியதும், மலை முழுசும் படத்துக்குள் வரும்படி கேமராவை நிறுத்தச் சொன்னான். கார்த்திகை மலை உச்சிக்குச் சற்று மேலே இருந்தது. அவள் அட்டையை ஆட்டினாள், அவன் எழுதினான். ஒரு எழுத்தும் பிசகவில்லை.

6

அவள் கடைக்குப் போய், அன்றைய படங்கள் அத்தனையையும் ஒரே தட்டில் திருப்பிவிட்டு, அப்புறம்தான் திறந்தாள்.

[பின்னால், மிச்சச் சவரத்தின்போது இதைச் சேட்டு சொல்ல, நான் சிரித்ததில் கத்தி என் தாடையில் லேசாகப் பட்டுவிட்டது. தழும்பு இருக்கிறது.]

திறந்தவள் கண்டது இதுதான்: ஆறு நட்சத்திரமும் தனித்தனியாக, ஊசிமுனைபோல். கோயில் விளக்கு அடக்கமாக. அதற்குக் கீழே ஆர்.கே.பேட்டைச் சேலைக் கரைபோல் தங்க நிறத்தில் ஒரு சுருள்வேலை. சார் ஏதோ பூவேலை போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். இத்தனை நாள் பாடுபட்டதற்கு முதல் உருப்படியான படம். அன்றே பெரிய அளவில் அச்சடித்து, கடை முகப்பில் கட்டித் தொங்கவிட்டாள்.

பரந்தாமனோ வீட்டில் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். சனிக்கிழமை போன் இல்லை. ஞாயிறும் இல்லை. படித்திருப்பாள், திறந்த வாசல் வழியே போய்விட்டாள் என்று தீர்மானித்துக்கொண்டான். சரி, பேச்சாவது மிஞ்சட்டும் என்று திங்கட்கிழமை காலையில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

"ரெண்டு நாளா ஆளையே காணோம்" என்றாள். "பாத்தீங்களா, எப்படி வந்துகீதுன்னு."

அண்ணாந்து பார்த்தான். படிக்கட்டு இருக்கவேண்டிய பக்கம் வண்டிப்பாதை ஏறியது. வண்டிப்பாதையின் பக்கம் படிக்கட்டு. முருகன் மலை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றது. அவனுடைய சொல் கடைத்தெரு நடுவில், ஆளுயரத்துக்கு, யாருக்கும் விளங்காமல் தொங்கியது. அவள் படிக்கவே இல்லை என்று புரிந்ததும் அவனுக்கு உயிர் வந்தது. அடுத்த நொடியே மறுபடி போயிற்று.

மலை திரும்பியிருப்பதை மட்டும் சொன்னான். அவள் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பரவாயில்லை, நேராகத் திருப்பி இன்னொன்று அடித்து இதே இடத்தில் மாட்டிவிடுகிறேன் என்றாள். அவன் பதறிப்போய் வேண்டவே வேண்டாம், இதையும் இறக்கிவிடுங்கள் என்றான்.

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "ஏன் இறக்கணும்? நம்ம படம் சார் அது."

அந்த "நம்ம" அவனை அப்படியே நிறுத்திவிட்டது. ஹெல்மெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான்.

7

இங்கேதான் கதைக்குள் நான் வருகிறேன்.

எதிரே சேட்டு சலூன். பின்சுவர் முழுக்கக் கண்ணாடி. அதைப் பார்த்து நாற்காலிகள். நுரையோடு உட்கார்ந்திருந்த நான்கு பேரில் நானும் ஒருவன். சேட்டு என் தாடையை நிமிர்த்திவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, தெருவைத் தாண்டிக் கேட்கும்படி விசாரித்தார்.

"கயலு, எந்த சேலைக்கடை விளம்பரம் அது? 'கட்டிக்கலாமா'ன்னு போட்டுகினு, கடைப்பேரை வுட்டுட்டியே."

அவள் பேனரைப் பார்த்தாள். சலூனைப் பார்த்தாள். பிறகு பரந்தாமனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். அவள் வண்டிகளுக்குக் கையைக் காட்டிவிட்டுத் தெருவைக் கடந்து, ஆண்கள் மட்டுமே ஏறுகிற அந்தப் படியில் ஏறி, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, என் தலைக்கு மேலாகக் கண்ணாடியைப் பார்த்தாள்.

கண்ணாடிக்குள் மலை நேராக நின்றது. படிக்கட்டு அதன் இடத்தில் இருந்தது. கீழே தங்க எழுத்தில் கட்டிக்கலாமா. அதற்கும் கீழே, ஹெல்மெட்டோடு ஒரு மனிதன். அவள் உதடு அசைந்தது, எழுத்துக்கூட்டிப் படித்தாள். பூவேலை, சேலைக்கரை, எதுவும் இல்லை. காது மடல் சிவந்தது. அந்த முகத்தை நான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கிருந்த சந்தோஷத்தைச் சொல்ல வாய் முழுக்க நுரை.

"எத்தினி பேரு படிச்சாங்கண்ணா?" என்று கேட்டாள்.

"சவரத்துக்கு வந்தவன் அத்தினி பேரும்" என்றார் சேட்டு.

8

இங்கே முடிவு வரவேண்டும். மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. அவள் தெருவைக் கடந்து போய்ப் பேனரை அறுத்து இறக்கி, மைக்காரருக்குச் செய்ததையே இவனுக்கும் செய்கிறாள். இதை எழுதி இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீக்கினேன்.

ஆ. அவள் கண்ணாடி வழியாகவே அவனைப் பார்த்துத் தலையசைக்கிறாள், சலூனில் இருந்தவர்கள் நுரையோடு கைதட்டுகிறார்கள், மலைமேல் மணி... நான் அங்கே இருந்தேன். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் தும்மினார்.

இ. நடந்தது. அவள் திரும்பி நடந்து அவனிடம் போனாள். "சாயங்காலம் வாங்க. டார்ச்சு எடுத்துகினு வாங்க" என்றாள். கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். குரலிலிருந்து ஒன்றும் பிடிபடவில்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

9

மறுநாள் சேட்டுக்குப் போன் செய்தேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். கன்னியம்மாள் வந்து சொல்லிவிட்டுப் போனதை அவர் சொன்னார், அதை நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

கொல்லைக்கு அவள் கறுப்புத் தாவணி போர்த்திக்கொண்டு வந்தாள். கேமராவை நிறுத்தினாள், மலை முழுசும் உள்ளே. ரிமோட்டைப் பரந்தாமன் கையில் கொடுத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும் என்று தெரிந்ததையே இன்னொரு தடவை சொன்னாள். கறுப்பு அட்டையை இன்னொரு கையில் கொடுத்தாள். டார்ச்சை வாங்கிக்கொண்டு இருட்டுக்குள் நடந்தாள். அவன் அழுத்தினான்.

காற்றில் வெளிச்சம் எழுந்தது. எதிரே நின்று பார்க்கிறவருக்கு அது எழுத்தாகத் தெரியாது, ஒரு மின்மினி அலைவதுதான் தெரியும். ஒரு முறை அணைந்து, சற்று மேலே ஒரு சிமிட்டுச் சிமிட்டியது. புள்ளி. பரந்தாமன் மனசுக்குள் எழுத்துக்கூட்டிப் பார்த்தான். ஆங் என்பதற்கும் புள்ளி உண்டு, வேணாம் என்பதற்கும் புள்ளி உண்டு.

அப்போதுதான் கன்னியம்மாள் சீரியலை நிறுத்திவிட்டு மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தாள்.

"இன்னா ஆச்சு நைனா இவளுக்கு? மத்தியானத்துலேந்து கண்ணாடி முன்னாடி நின்னுகினு கையை ஆட்டிகினே கீறா. சோறுகூட துன்னல. கேட்டா, திருப்பி எழுதப் பழகறேன்றா."

வேணாம் என்று சொல்ல யாரும் சோறு தின்னாமல் பழகமாட்டார்கள் என்று எனக்குப் படுகிறது. பரந்தாமனுக்கும் அப்படித்தான் பட்டிருக்க வேண்டும். அட்டையை ஆட்டுவதை நிறுத்திவிட்டான். கோயில் விளக்கு பொங்கட்டும், படம் பாழாகட்டும் என்று நின்றான்.

ஆனால் படத்தை நான் பார்க்கவில்லை. சேட்டும் பார்க்கவில்லை. அது அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதில் நமக்கு வேலையும் இல்லை. அவள் இன்னும் எழுதி முடிக்கவில்லை, டார்ச்சு அலைந்துகொண்டிருக்கிறது, ஷட்டர் திறந்திருக்கிறது. எனக்கு விரல் வலிக்கிறது. இந்தாருங்கள், ரிமோட்டை நீங்கள் பிடியுங்கள். அவள் கடைசிப் புள்ளியை வைத்துவிட்டாள் என்று உங்களுக்குத் தோன்றும்போது விரலை எடுங்கள். மெல்ல எடுங்கள், ஆடிவிடும்.